மிரெலுக்கு உரிய குறை

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கெட்டவர் என்று யாரும் நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். "பாவம், அவரு கொஞ்சம் கஷ்டமான ஆளு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கார்களுக்கு அந்த இரக்கம் கிடையாது. எந்த மாதிரிக் கார் வருடாந்தரச் சோதனையில் எவ்வளவு தோற்றது என்று சாலைத் தகுதி ஆணையம் ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியிடும். அதில் கடைசி இடம் மிரெல் என்ற காருக்கு. பத்து மிரெல் போனால் பத்தும் தோற்கும் என்பது அயர்லாந்து முழுக்கத் தெரிந்த செய்தி. ஞானோபதேச வகுப்புக்குப் போகாத பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

லீட்ரிம் மாவட்டத்தில் எங்கள் கில்லரிவன் ஊரில் பாதிப் பேரிடம் மிரெல்தான், மீதிப் பேரிடம் காரே இல்லை. மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். அப்படி வாங்கியவர்களில் மலாக்கி ஸ்கான்லனும் ஒருவன். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். வண்டி அவனுக்கு வாயில்லா ஜீவன். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடித் தகட்டை அரித்துவிடும் என்று, வீடு திரும்பியதும் தான் தேநீர் குடிப்பதற்கு முன்பே காரின் வயிற்றுக்கு வெந்நீர் பீய்ச்சுவான்.

அந்தக் கார்தான் என் மனைவி பிரைடியை உயிரோடு வைத்திருந்தது. மிகையாகச் சொல்லவில்லை. அவளுடைய சிறுநீரகங்கள் வேலையை விட்டு நின்றுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஸ்லைகோ ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். என் கண் மங்கிவிட்டதால் காரோட்ட எனக்கு அனுமதி இல்லை. பஸ்ஸோ, அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அவள் வெளியே வருவதற்குள் ஊர் திரும்பிவிடும். மலாக்கியை யாரும் கேட்கவில்லை. முதல் நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றான். அதற்குப் பிறகு நிற்காத நாளில்லை. நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அவனுடைய மிரெலுக்கு முதல் சோதனை வந்தது. கண்ணாடியில் தகுதி ஸ்டிக்கர் இல்லையென்றால் காப்பீடு செல்லாது. காப்பீடு செல்லாத காரில் பிரைடியை ஏற்ற மலாக்கியின் மனசாட்சி இடம் தராது.

எங்கள் ஊர் வழக்கப்படி சோதனைக்கு முந்தைய ஞாயிறு பூசை முடிந்ததும் காரைக் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரித்தோம். மற்ற ஊர்களில் காரின் மேலே தீர்த்தம் தெளிப்பார்கள். நாங்கள் பானெட்டைத் திறந்துவிடுவோம். நோய் இருப்பது உள்ளேதானே. ஃபாதர் காஹல் எஞ்சினைப் பார்த்து மூன்று வீச்சு வீசிவிட்டு, "போய் வா, மகனே" என்றார். மலாக்கியிடம் சொன்னாரா, காரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

சோதனை நிலையத்துக்கு நானும் துணைக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடிச் சன்னல். அதன் வழியே நம் காரை அந்நியர் ஒருவர் தூக்கி, குலுக்கி, அடிவயிற்றில் விளக்கடித்துப் பார்ப்பதைக் காணலாம். ஆஸ்பத்திரியில்கூட ஒரு திரை போட்டு மறைப்பார்கள்.

பரிசோதகர் பெயர் டெக்லன். பிரேக், விளக்கு, டயர், புகை, துரு எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு எங்களைத் தேடி வெளியே வந்தார்.

"எதுவுமே இல்லியே" என்றார். குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

"அப்ப பாஸ்தானே?" என்றான் மலாக்கி.

"கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது. 'மாதிரிக்கு ஒவ்வாத முடிவு'ன்னு வருது. மேலாளர் உங்களைப் பாக்கணுமாம்."

மேலாளர் ஃபின்டன் பிரென்டர்காஸ்ட். எல்லோரையும் பெயர் சொல்லித் தோழமையாக அழைக்க வேண்டும் என்று பயிற்சி பெற்றவர். மலாக்கியின் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார், சாவு வீட்டில் பிடிப்பதுபோல.

"மலாக்கி, உட்காருங்க. ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். உங்க கார்மேல எங்களுக்கு எந்த வருத்தமும் கிடையாது. சொல்லப்போனா உங்க கார நாங்க பாக்கவே இல்ல. நாங்க பாக்கறது மிரெல."

"நான் கொண்டுவந்தது என் காரத்தானே?"

"வர்றவங்க எல்லாரும் செய்ற தப்பு இது." அவர் கனிவாகச் சிரித்தார். "மிரெல்னா முன்பக்க ஸ்பிரிங் உடையணும். அதுதான் அதுக்கு உரிய குறை. இருபது வருஷத் தரவு சொல்லுது. உங்க ஸ்பிரிங் உடையல. அப்ப ரெண்டுல ஒண்ணுதான் உண்மை. ஒண்ணு, தரவு தப்பு. இல்லேன்னா ஸ்பிரிங் தப்பு. தரவு தப்பா இருக்க முடியாது, மலாக்கி. அத டப்ளின்ல செஞ்சிருக்காங்க."

"அப்ப என் ஸ்பிரிங்?"

"அது லீட்ரிம்ல இருக்கு" என்றார் பிரென்டர்காஸ்ட்.

மறுசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். அதுவரை ஸ்டிக்கர் கிடையாது.

ஊர் கூடி யோசித்து, மந்திரிப்பு போதவில்லை என்று முடிவுக்கு வந்தது. ஆணையத்தின் மேல் அப்போதுகூட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுசோதனையன்று காலையிலேயே காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஃபாதர் காஹல் வழக்கமான மூன்று வீச்சு வீசினார். பிரைடிக்குத் திருப்தியில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க ஃபாதர்."

"போதும்மா. ஒரு ஆயருக்கே இவ்வளவு தெளிக்கறதில்ல."

"ஆயரு ஒழுங்கா ஓடுவாரு. இது மிரெல்."

ஃபாதர் வாளியோடு கவிழ்த்தார்.

டெக்லன் காரைத் தூக்கியதும் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. நல்ல மனிதர், முகம் வாடிவிட்டது. பிரென்டர்காஸ்டோ ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் முகத்தில் ஒரு தகப்பனின் மலர்ச்சி.

"கசிவு! எழுதிக்க. என்ன கசிவு?"

டெக்லன் விரலில் தொட்டு முகர்ந்தார். "ஆயில் இல்ல. கூலன்ட்டும் இல்ல. பிரேக் ஆயிலும் இல்ல."

"மலாக்கி, இது என்ன?"

பொய் சொல்ல மலாக்கிக்கு வராது. வந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்.

"தீர்த்தம்" என்றான்.

கம்ப்யூட்டரில் கசிவுக்கு ஆறு வகை இருந்தன. தீர்த்தம் அதில் இல்லை. பிரென்டர்காஸ்ட் தலைமையகத்துக்குப் போன் செய்தார். அவர்கள் சட்டப் பிரிவைக் கேட்டார்கள். சட்டப் பிரிவு, மந்திரிப்பதற்கு முன் அந்த நீர் குழாயிலிருந்து வந்ததா, ஊற்றிலிருந்து வந்ததா என்று கேட்டது. கடைசியில் 'அடையாளம் தெரியாத திரவம், உரிமையாளரே ஒப்புக்கொண்டது' என்று பதிந்தார்கள்.

"சரி, ஃபெயில்னு போட்டுக் குடுங்க. தொடைச்சிட்டு வர்றேன்" என்றான் மலாக்கி.

"முடியாது மலாக்கி. மிரெலுக்குக் கசிவு உரிய குறை இல்ல. ஸ்பிரிங்தான். இப்ப உங்க கார்மேல ரெண்டு சிக்கல். இருக்க வேண்டிய குறை இல்ல. இருக்கக் கூடாத குறை இருக்கு."

விஷயம், தரவோடு ஒத்துப்போகாத கார்களை விசாரிக்கும் இணக்கக் குழுவுக்குப் போனது. குழு என்றால் பிரென்டர்காஸ்டும், டப்ளினிலிருந்து வந்த டாக்டர் ஓர்லா டெவனியும், ஒரு தட்டுப் பிஸ்கட்டும். டாக்டர் டெவனி புள்ளியியல் படித்தவர். மிக நாகரிகமாகப் பேசினார். இடையிடையே எங்களுக்குப் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

"மிஸ்டர் ஸ்கான்லன், நாங்க கல் நெஞ்சக்காரங்க இல்ல. போன வருஷம் மேயோவுல உங்களுது மாதிரியே ஒரு நல்ல மிரெல் வந்தது. தெரியாத்தனமா பாஸ் பண்ணிட்டாங்க. என்ன ஆச்சு தெரியுமா? தரவரிசைல மிரெல் ஒரு படி மேல ஏறிடுச்சு. ஏறினா வேற ஒண்ணு கீழ போகணுமில்ல? கீழ போனது அமைச்சர் வீட்டுல ஓட்டுற கார்."

"ஐயோ" என்றேன் நான். அந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"ஆமா. அதச் சரிபண்ண எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. ஜனங்க எங்க தரவ நம்பித்தான் கார் வாங்கறாங்க. மிரெல் மோசம்னு நம்பறாங்க. அந்த நம்பிக்கைய ஒரு தனிமனுஷன் காரத் தொடச்சுத் தொடச்சு உடைக்கலாமா?"

மலாக்கி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "அம்மா, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் டெவனியின் கண்கள் கலங்கின. நிஜமாகவே கலங்கின. "அதுக்காகத்தான் சொல்றேன். அந்த அம்மாவ ஒரு மிரெல்ல ஏத்தலாமா?"

பிரென்டர்காஸ்ட் வழி சொன்னார். ஒரு மிரெலுக்கு உரிய குறை வந்து, அதைச் சரிசெய்துவிட்டால், அது 'சீர்செய்யப்பட்டவை' என்ற பிரிவுக்குப் போய்விடும். அந்தப் பிரிவில் பாஸ் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

"அதாவது, ஸ்பிரிங் உடைஞ்சா பாஸ்?" என்றான் மலாக்கி.

"உடைஞ்சு மாத்தினா."

"உடையலன்னா?"

"காத்திருங்க. மிரெல்தானே" என்றார் பிரென்டர்காஸ்ட், தேற்றும் குரலில்.

எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்த டெக்லன் மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மாவும் மிரெல்தான் ஓட்டுறாங்க. உங்களுது மாதிரி ஒரு வண்டிய நான் பாத்ததே இல்ல. மன்னிச்சுக்குங்க." அந்த இடத்தில் அன்று கேட்ட ஒரே மனிதக் குரல் அதுதான்.

மலாக்கி காத்திருந்தான். முதல் சோதனையிலிருந்தே ஸ்டிக்கர் இல்லாத அந்த நாட்களில் பிரைடியை யார் கூட்டிப்போவது? ஊரில் இருந்த மிரெல்களெல்லாம் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டியிருந்தன. தரவரிசையில் உச்சியில் இருந்த, கேள்வியே கேட்காமல் ஆண்டுதோறும் பாஸ் ஆகிற வண்டி ஒன்றுதான் எங்கள் ஊரில் இருந்தது. கில்ஹூலியின் சவ வண்டி.

கில்ஹூலி மனிதர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டி அலங்கரிக்கிறவர். மென்மையானவர். "பிரைடி வேணும்னா முன்சீட்டுல உக்காரட்டும்" என்றார். "வேணும்னாவா? பின்னால படுக்கச் சொன்னாலும் வருவேன்" என்றாள் பிரைடி.

அப்படித்தான் வாரம் மூன்று நாள் என் மனைவி கறுப்புச் சவ வண்டியில் ஸ்லைகோவுக்குப் போனாள். வழியில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எதிரே வந்த லாரிகள் ஓரம் கட்டி நின்றன. பிரைடி எல்லோருக்கும் கையசைத்தாள். ட்ரம்கீரனுக்கு அருகே ஒரு கிழவர் அதைப் பார்த்துப் பள்ளத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் காவலாளி ஓடிவந்து, "தப்பான வாசல், பின்பக்கம் போங்க" என்பார்.

"பத்திரமா ஓட்டறாரு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த வண்டில போயிட்டுத் திரும்பி வர்ற ஒரே ஆளு நான்தான். கில்ஹூலிக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றாள் பிரைடி என்னிடம்.

சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு வெள்ளிக்கிழமை, ட்ரம்ஷான்போவில் ஒரு அடக்கம் வந்தது. சவ வண்டியை அதன் சொந்த வேலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. டாக்ஸிக்குச் சொன்னோம், வரவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், அவசரமா என்று கேட்டார்கள். அவசரமாகும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரைடியின் வீங்கிய பாதம் காலணிக்குள் அடங்கவில்லை. முகம் உப்பியிருந்தது. பூசையில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். பக்கத்து வரிசையிலிருந்து மலாக்கி அவளைப் பார்த்தான். பூசை முடிந்ததும் காரோடு நேராகக் கில்ஹூலியின் கொட்டகைக்குப் போனான்; நானும் ஃபாதரும் பின்னாலேயே போனோம்.

"ஃபாதர், ஒரு நல்ல பொருள வேணும்னே உடைக்கறது பாவமா?" என்று கேட்டான்.

ஃபாதர் காஹல் சம்மட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தார். "உடைக்கச் சொன்னவனுக்குப் பாவம்" என்றார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி இரும்புப் பலகைமேல் வைத்தோம். நாடு முழுக்கப் பேர் கெட்ட, தானாக உடைவதற்கென்றே பிறந்த மிரெல் ஸ்பிரிங். மலாக்கி கண்ணை மூடிக்கொண்டு சம்மட்டியால் ஓங்கி அடித்தான். சம்மட்டி எகிறி, கில்ஹூலியின் சன்னலை உடைத்தது. நான் அடித்தேன். ஃபாதர் அடித்தார். பால் பண்ணையிலிருந்து வந்த இரண்டு ஆட்கள் மாறி மாறி அடித்தார்கள். டிராக்டரை ஏற்றினோம். ஸ்பிரிங் அமுங்கிவிட்டு எழுந்து நின்றது.

"இதப் பத்திதான் டப்ளின்ல இருபது வருஷமா எழுதறாங்களா?" என்றார் ஃபாதர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"அவங்ககிட்ட ரொம்பச் சொகுசா வளந்த ஸ்பிரிங்குதான் போயிருக்கும்போல" என்றார் கில்ஹூலி.

கடைசியில் கட்டிங் மெஷினைப் போட்டு அறுத்தோம். மலாக்கிதான் அறுத்தான். பொறி பறந்தது. முடிந்ததும் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் துணியால் துடைத்தான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அறுபட்ட ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். பிறந்த நாள் முதல் அன்றுதான் அந்தக் கார் ஆபத்தான காராகச் சாலையில் போனது. பாதுகாப்புச் சோதனை நிலையத்துக்குப் போவதற்காக. ஒவ்வொரு வளைவிலும் கொய்யென்று முனகியது. பின்னாலேயே கில்ஹூலியின் சவ வண்டி வந்தது. சவப்பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு புது ஸ்பிரிங்கும் ஜாக்கியும் மலர்வளையத்துக்குரிய மரியாதையோடு படுத்திருந்தன.

டெக்லன் காரைத் தூக்கினார். அறுத்த இடம் கண்ணாடிபோல் பளபளத்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் மலாக்கியைப் பார்த்தார். மலாக்கி தொண்டையைச் செருமிக்கொண்டான். நான் அவன் முழங்கையைக் கிள்ளினேன். பயனில்லை.

"அது உடையல. நான்தான் அறுத்தேன்" என்றான்.

பிரென்டர்காஸ்ட் குனிந்து பார்த்தார். நான் மனதுக்குள் புனித யூதாவை அழைத்தேன். நம்பிக்கை இழந்த காரியங்களுக்கு அவர்தான் பொறுப்பு.

"யார் செஞ்சா என்ன, மலாக்கி?" பிரென்டர்காஸ்ட் நிமிர்ந்தார். கண்ணில் ஈரம். "மிரெல், முன்பக்க ஸ்பிரிங். எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க! காரணம் கேக்கற கட்டமே எங்ககிட்ட இல்ல. உண்மைய எதுக்கு எடுத்துட்டு வர்றீங்க? அதப் போட எடமில்ல."

கம்ப்யூட்டர் பச்சையாகச் சிரித்தது. ஃபெயில். பிரென்டர்காஸ்ட் மலாக்கியின் முதுகில் தட்டி வாழ்த்தினார்.

சரிசெய்த காரைப் பார்க்க அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து என்றார்கள். டெக்லன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு இப்ப சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்துல நான் எந்தக் கார வேணும்னாலும் பாக்கலாம். மாத்திட்டு வாங்க" என்றார். வண்டிகள் நிறுத்துமிடத்தில் சவ வண்டியின் பின்கதவைத் திறந்து ஸ்பிரிங்கை இறக்கினோம். மலாக்கி மாட்டினான். டெக்லன் ஒரு கையில் சாண்ட்விச்சும் ஒரு கையில் விளக்குமாக அடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்து, ஸ்டிக்கரைத் தன் கையாலேயே கண்ணாடியில் ஒட்டினார். அன்று பிற்பகலே பிரைடி ஸ்லைகோவில் இருந்தாள்.

அடுத்த வாரம் மாவட்டப் பத்திரிகையில் பிரென்டர்காஸ்டின் படம் வந்தது. எங்கள் பகுதியில் மிரெல் ஸ்பிரிங்குகள் முன் எப்போதும் இல்லாத வேகத்தில் உடைவதாகவும், ஆணையத்தின் எச்சரிக்கை எவ்வளவு சரி என்பதற்கு இதுவே சாட்சி என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். ஞாயிறு பூசை முடிந்ததும் கில்ஹூலியின் கொட்டகை வாசலில் மிரெல்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நல்ல ஸ்பிரிங்குகள். மலாக்கி ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுத்தான். அவனுக்கு அது பழகவே இல்லை.

திங்கள் காலை ஸ்லைகோவுக்குப் போகும்போது பிரைடி செபமாலையை எடுத்தாள். செபமாலை முடிந்த பிறகு அவள் தன் பங்குக்குச் சேர்க்கும் வால் செபங்கள்தான் நீளம். அதற்குள் மனோர்ஹாமில்டன் வந்துவிடும். நோயாளிகளுக்காக ஒன்று, வழிப்போக்கர்களுக்காக ஒன்று, சாப்பாட்டை விட்டு வேலை செய்த டெக்லனுக்காக இரண்டு. மலாக்கியும் நானும் மறுமொழி சொல்லிக்கொண்டே வந்தோம்.

"உத்தரிக்கிற ஸ்தலத்துல, வேண்டிக்க ஒரு நாதியுமில்லாம கெடக்கற ஆத்துமாக்களுக்காக" என்றாள். மோட்சத்துக்குள் விடும்வரை ஆத்துமாக்கள் காத்துக் கிடக்கும் இடம் அது. பிறகு, "முக்கியமா ஃபின்டன் பிரென்டர்காஸ்டுக்காக" என்றாள்.

மலாக்கி வேகத்தைக் குறைத்தான். "பிரைடி, அந்தாளு இன்னும் உயிரோடதான் இருக்காரு."

"தெரியும்" என்றாள் பிரைடி, அடுத்த மணியைப் பிடித்துக்கொண்டே. "அங்கயும் தேதி கெடைக்க நாளாகுமில்ல? பாவம், இப்பவே பேரு குடுத்து வைக்கிறேன்."